பச்சை மண் சிற்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பிதி, லடாக் பக்கம் போய்வந்தவர்கள், துன்ஹுவாங் குகைப் படங்களைப் பார்த்தவர்கள், கொலு பொம்மை சேகரிப்பவர்கள் என்று யாரிடம் பேசினாலும் பச்சை மண் சிற்பங்கள், அதாவது சூளையில் சுடாமல் காயவைத்த களிமண் சிலைகள் பற்றி ஏறத்தாழ இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இந்த வகைச் சிற்பங்கள் உள்ள மூன்று இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தாபோ, இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் 996இல் எழுந்த பௌத்த மடம். ஆல்ச்சி, லடாக்கில் சிந்து நதிக்கரையில் இருக்கிறது. அங்கே சும்ட்செக் என்ற மூன்றடுக்குக் கோயிலில் நான்கு மீட்டர் அளவில் உயர்ந்து நிற்கும் மூன்று போதிசத்துவர்கள் உண்டு. மோகாவோ, சீனாவின் கான்சு மாகாணத்தில் துன்ஹுவாங் நகருக்கு அருகில் உள்ள குகைகள். 366இல் தொடங்கி 14ஆம் நூற்றாண்டு வரை அங்கே குடைந்துகொண்டே இருந்தார்கள். ஓவியமும் சிற்பமும் உள்ள குகைகள் 492. மண் சிற்பங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல்.

"சுடவே இல்லையா? அப்புறம் எப்படிங்க ஆயிரம் வருஷம் நிக்குது?"

சுடவே இல்லை. நிழலில் காயவைத்த மண்தான். களிமண்ணைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் அதன் அமைப்போடு பிணைந்திருக்கும் நீரும் வெளியேறிவிடும்; அதற்குப் பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் அது களிமண்ணாகத் திரும்பாது. சுடாத மண் அப்படியில்லை. எத்தனை நூற்றாண்டு ஆனாலும் ஒரு வாளித் தண்ணீர் போதும், சேறாகிவிடும்.

நிலைத்து நின்றதற்குக் காரணம் தண்ணீர் வராததுதான். துன்ஹுவாங்கில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 40 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு நல்ல மழைநாளில் இதைவிட அதிகம் கொட்டிவிடும். ஸ்பிதியும் லடாக்கும் மழை மறைவுப் பகுதிகள். தவிர, இந்தச் சிற்பங்கள் எல்லாமே குகைக்குள்ளோ கூரைக்கடியிலோ இருப்பவை.

"நம்ம ஊர் அய்யனார் குதிரை மாதிரி சூளை போட்டிருக்கலாமே?"

அய்யனார் குதிரை உள்ளே கூடாக வனையப்படுவது. சுடும்போது ஆவி போக வழி இருக்கும், மண்ணின் கனமும் ஓரளவு சீராக இருக்கும். இந்தச் சிற்பங்களுக்குள் மரமும் வைக்கோலும் இருக்கின்றன. சூளையில் வைத்தால் முதலில் அந்த மரம்தான் எரியும். மேலும் பல சிற்பங்கள் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டவை. தூக்கிக்கொண்டு போக முடியாது. பாலைவனத்திலும் 3,000 மீட்டருக்கு மேல் உள்ள மலையிலும் விறகுக்கு எங்கே போவது என்ற கேள்வி வேறு.

"கல்லில் செதுக்கியிருக்கலாமே" என்றும் கேட்பார்கள். மோகாவோவின் பாறை கூழாங்கல்லும் மணலும் இறுகிய பாறை. உளி வைத்தால் கல் கல்லாகப் பெயர்ந்து வரும், மூக்கும் விரலும் வராது. அதனால் குகையைக் குடைந்தார்கள், உருவத்தை மண்ணால் செய்தார்கள். மிகப் பெரிய சிலைகளுக்கு மட்டும் பாறையைத் தோராயமாகச் செதுக்கி, அதன்மேல் மண் பூசினார்கள். 96ஆம் குகையில் உள்ள 35.5 மீட்டர் புத்தர் அப்படிச் செய்யப்பட்டவர்தான்.

"உள்ள என்னதான் இருக்கு?"

நடுவில் மரம். அதைச் சுற்றி நாணலோ வைக்கோலோ வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் அந்தக் கட்டிலேயே உருவாகிவிடும். அதன்மேல் நறுக்கிய வைக்கோல் கலந்த கரடு மண். அதற்குமேல் சணலோ பஞ்சோ போன்ற மெல்லிய நார் கலந்த நுண்மண். கண்ணிமை, நகை, துணி மடிப்பு எல்லாம் இந்த அடுக்கில் வருபவை. அதன்மேல் வெள்ளைப் பூச்சு, பிறகு வண்ணம். மோகாவோவில் நுண்மண்ணை ஆற்றுப்படுகையில் எடுத்தார்கள். வெள்ளம் வடிந்தபின் தகடு தகடாகக் காய்ந்து கிடக்கும் வண்டல் அது. இமயமலைப் பகுதியில் மண்ணோடு கையால் செய்த காகிதத்தை ஊறவைத்து இடித்துச் சேர்ப்பதும் உண்டு. பூடானில் ஜின்சோ என்று சொல்லப்படும் மண் சிற்பக் கலையில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

இந்த அடுக்குமுறையை நேரில் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. கொல்கத்தாவில் பூசைக்குத் துர்க்கை சிலைகள் செய்யும் குமார்துலிக்குப் போனால் போதும். மூங்கில் சட்டம், சணல் கயிற்றால் கட்டிய வைக்கோல் உடம்பு, முதலில் ஒட்டும் தன்மையுள்ள ஏன்ட்டேல் மண், மேலே மணல் கலந்த பேலே மண். காயும்போது விரிசல் விட்டால், மண்கூழில் தோய்த்த துணிப்பட்டையை ஒட்டி நீவி விடுவார்கள். வண்ணத்தில் புளியங்கொட்டைப் பசை. அந்தத் துர்க்கை சில நாளில் ஆற்றில் கரையப் போகிறவள். தாபோவின் வைரோசன புத்தர் ஆயிரம் ஆண்டு இருக்கிறார். செய்முறையின் அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்.

"தண்ணி படலைன்னா அப்புறம் எதனால கெட்டுப்போகுது?"

தண்ணீர் படாமல் இருப்பதில்லை. கூரை ஒழுகும், பாறை வழியாக ஈரம் கசியும், பார்க்க வருபவர்கள் விடும் மூச்சே ஈரம். இவை எல்லாம் சேர்ந்து எழுப்பிவிடுவது உப்பை.

மோகாவோவின் பாறையிலும் மண்ணிலும் உப்பு இயல்பாகவே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 67 சதவீதத்தை ஒட்டி ஏறும்போது அந்த உப்புக் கலவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். ஈரம் குறைந்தால் மறுபடி படிகமாகும். கரைவதும் உறைவதுமாக இது நடக்கும்போது, வண்ணத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் படிகம் வளர்ந்து வண்ணத்தைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும். மழை நாட்களில் அங்கே குகைகளை மூடிவைப்பது இதனால்தான்.

மற்றவை: உள்ளே மரம் உளுத்து, சிலை முன்பக்கம் சாய்வது; காற்றில் வரும் மணல் அரிப்பது; நில அதிர்ச்சி. 1975 ஜனவரி 19இல் வந்த கின்னவுர் நிலநடுக்கம் தாபோ மடத்தையும் உலுக்கியது. மனிதர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மோகாவோவின் 328ஆம் குகையிலிருந்து மண்டியிட்ட போதிசத்துவர் ஒருவரை 1924இல் லாங்டன் வார்னர் என்ற அமெரிக்கர் பெயர்த்துக்கொண்டு போனார். அது இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"விரிசல்ல கொஞ்சம் சிமெண்ட் வெச்சுப் பூசிட்டா வேலை முடிஞ்சுதே?"

கிராமத்து மண்சுவரில் சிமெண்ட் பூசியவர்களைக் கேளுங்கள், அவர்களே சொல்வார்கள். இரண்டு மழைக்காலம் போனால் சிமெண்ட் தகடாகக் கழன்று நிற்கும். பின்னால் மண் பொடியாகக் கொட்டும். மண் ஈரத்தை வாங்கி விடுகிற பொருள், கொஞ்சம் விரியும், கொஞ்சம் சுருங்கும். சிமெண்ட் அசையாது, ஈரத்தையும் விடாது. தன் பங்குக்கு உப்பையும் கொண்டுவரும்.

இந்த வேலையில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. ஒட்டுப்போடும் பொருள் பழையதைவிடச் சற்று வலுக்குறைவாக இருக்க வேண்டும். மறுபடி ஏதாவது அழுத்தம் வந்தால் உடைவது ஒட்டாக இருக்க வேண்டும், ஆயிரம் ஆண்டு மண்ணாக இருக்கக் கூடாது. "நல்லா ஸ்ட்ராங்கா போடுங்க" என்று பழகிய நமக்கு இது ஏறுவது கஷ்டம்.

"அப்போ ஃபெவிகால் மாதிரி ஏதாவது? இப்போ எவ்வளவோ கெமிக்கல் வந்திருக்கே."

செய்து பார்த்திருக்கிறார்கள். 1950, 60களில் மோகாவோவில் செயற்கைப் பசைகளை ஊசியால் செலுத்தி, உரிந்த வண்ணத்தை ஒட்டினார்கள். அவை இல்லாமல் போயிருந்தால் பல ஓவியங்கள் அன்றே உதிர்ந்திருக்கும் என்பதால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பசை அதிகமானால் மேற்பரப்பில் படலமாகிவிடும். உள்ளிருந்து வரும் உப்பும் ஈரமும் அந்தப் படலத்துக்குப் பின்னால் சிக்கி, கடைசியில் படலத்தோடு வண்ணத்தையும் உரித்துக்கொண்டு வரும்.

பிறகு வந்தவர்கள் மண்ணுக்கே திரும்பினார்கள். துன்ஹுவாங் ஆய்வுக்கழகமும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் 1989 முதல் சேர்ந்து வேலை செய்கின்றன. 85ஆம் குகையில் சுவரிலிருந்து கழன்று நின்ற மண்பூச்சை மறுபடி பிடிக்கவைக்க அவர்கள் உருவாக்கிய கலவையைப் பாருங்கள்: அதே ஆற்றுப்படுகை மண், எடை குறைக்க நுரைக்கல் பொடியும் நுண்ணிய கண்ணாடி உருண்டைகளும், கூடவே முட்டை வெள்ளைக்கரு. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்ப் பூச்சில் முட்டை சேர்த்ததைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

"பாரம்பரிய அறிவு, பாரம்பரிய அறிவுன்னு சொல்றீங்களே, அது என்ன? ஏதாவது ரகசியக் கலவையா?"

ரகசியம் எதுவும் இல்லை. எந்த மண் எப்படி நடந்துகொள்ளும் என்பது கைக்குத் தெரிந்திருப்பதுதான் அந்த அறிவு. மண்ணைக் கயிறாகத் திரித்து விரலில் சுற்றுவார்கள். சுற்றும்போது வெடித்தால் மணல் அதிகம், மெழுகுபோல் வழுக்கினால் களி அதிகம்; களி அதிகமானால் காயும்போது நிறையச் சுருங்கும், விரிசல் விடும். எவ்வளவு மணல், எவ்வளவு நார், நாரை எந்த நீளத்தில் நறுக்குவது, குழைத்த மண்ணை எத்தனை நாள் மூடிவைத்துப் பதப்படுத்துவது, கீழ் அடுக்கு எந்த ஈரத்தில் இருக்கும்போது மேல் அடுக்கை ஏற்றுவது: இவை எழுத்தில் கொஞ்சம்தான் இருக்கும், மீதி கூடவே இருந்து பழகினால்தான் வரும்.

இன்னொன்று. உள்ளே என்ன இருக்கும் என்று செய்கிறவருக்குத் தெரியும். மரம் எந்த இடத்தில் முடிகிறது, கை எந்த ஆப்பில் தொங்குகிறது, விரிசல் கட்டு அவிழ்ந்ததால் வந்ததா, மண் சுருங்கியதால் வந்ததா என்று தட்டிப் பார்த்தே ஓரளவு சொல்வார். எக்ஸ்ரே எடுத்தாலும் அதைப் படிக்க இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

கருவிகளும் அப்படித்தான். துன்ஹுவாங்கில் 1956இல் சேர்ந்து தொண்ணூறு வயதை ஒட்டியும் வேலை செய்துவந்த லீ யுன்ஹே, ஊசிக்குழலில் ரப்பர் குமிழைப் பொருத்திப் பசை சொட்டுச் சொட்டாக இறங்கும்படி செய்தார். உரிந்த வண்ணத்தை அழுத்த முரட்டுத் துணிக்குப் பதில் பட்டுத்துணியை எடுத்தார். அவருக்கு இது கல்லூரியில் கிடைத்த பாடம் அல்ல, வேலை செய்யச் செய்யக் கண்டுபிடித்தது.

"சரி, ஒரு சிலை சாய்ஞ்சு நிக்குது, கை தொங்குது. என்ன செய்வாங்க?"

முதலில் ஒன்றும் செய்ய மாட்டார்கள். படம் எடுப்பார்கள், வரைவார்கள், எங்கிருந்து ஈரம் வருகிறது என்று பார்ப்பார்கள். ஈரத்தை நிறுத்தாமல் சிலையைத் தொடுவது வீண் வேலை. பிறகு மென்மையான பஞ்சுத் தாங்கல் வைத்து, சாரத்தால் சிலையை முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். ஊதியும் மெல்லிய தூரிகையாலும் தூசி எடுப்பது அடுத்து. உதிரும் நிலையில் உள்ள வண்ணத்தை ஒட்டி முடித்த பிறகுதான் மண் வேலை.

மண் வேலைக்கு அந்த இடத்து மண்ணையே எடுத்து, நீரில் கரைத்துத் தெளியவைத்து உப்பை நீக்கி, சலித்துக் காயவைப்பார்கள். உளுத்த மரத்தை முடிந்தவரை விட்டுவைத்து, பக்கத்தில் புது மரத்துண்டு கொடுப்பார்கள். விரிசலின் உட்பக்கத்தைக் கொஞ்சமே கொஞ்சம் நனைக்க வேண்டும். நனைக்காவிட்டால் பழைய மண் புது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஒட்டு பிடிக்காது. அதிகம் நனைத்தால் முன்பு சொன்ன உப்பு விழித்துக்கொள்ளும். அதனால் தண்ணீரோடு ஆல்கஹால் கலந்து தெளிப்பார்கள், சீக்கிரம் ஆவியாகிவிடும். பிறகு நார் கலந்த மண்ணைக் கெட்டியாகப் பிசைந்து, மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது என்று நிரப்புவார்கள். ஒரே மூச்சில் அடைத்தால் ஓரம் முழுக்க முடிக்கோடாய் விரிசல் நிற்கும். வேகமாக முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

"கையே இல்லைன்னா? புதுசா செஞ்சு வெச்சிடலாமே, பழைய முறையிலேயே?"

முடியும் என்பதால் செய்துவிடக் கூடாது. வாங் யுவான்லூ என்ற தாவோ துறவி 1900இல் மோகாவோவில் பழைய ஏடுகள் அடைத்துவைத்திருந்த அறையைக் கண்டுபிடித்தவர். அவர் பக்தியோடு பணம் திரட்டி உடைந்த சிலைகளுக்குப் புது உடம்பும் புது வண்ணமும் போட்டார். மண் அதேதான், முறையும் ஏறத்தாழ அதேதான். ஆனால் தாங் அரசமரபின் காலத்துத் தோளின் மேல் பொம்மை முகம் உட்கார்ந்துகொண்டது. பாரம்பரிய அறிவு கையில் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் கை அடங்கியும் இருக்க வேண்டும். செய்து பழகிய கைக்கு முழுமையாக்கும் ஆசை இயல்பாகவே இருக்கும். அதை அடக்கத் தெரிந்த கைவினைஞர்தான் இந்த வேலைக்குப் பொருத்தம்.

மோகாவோவில் இன்று யாரும் பூசை செய்வதில்லை, அதனால் இல்லாத கையை இல்லாமலே விட்டுவிடலாம். வழிபாட்டில் உள்ள தாபோ போன்ற இடங்களில் மூளியான தெய்வத்தை வைத்துக்கொள்ளத் துறவிகளுக்கு மனம் வராது. அங்கே பேசித்தான் முடிவு எடுக்க வேண்டும். வைப்பதாக இருந்தால் பழைய உடைவுமுனையைச் செதுக்காமல், கழற்ற முடிகிற மாதிரி வைப்பதுதான் ஒத்துக்கொள்ளத்தக்க வழி.

"பூசை நடக்கிற சிலையில இவங்க ஊசியெல்லாம் போட விடுவாங்களா?"

விடுவார்கள், முறைப்படி. திபெத்திய மரபில் சிலைக்குள் மந்திரச் சுருள்களை வைத்துப் பிரதிஷ்டை செய்திருப்பார்கள். பழுது பார்க்கும் முன் ஒரு சடங்கு செய்து, தெய்வத்தைக் கண்ணாடிக்கு மாறச் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் மறுபடி பிரதிஷ்டை. நம் கோயில் திருப்பணியில் பாலாலயம் செய்து, முடிந்ததும் கும்பாபிஷேகம் நடத்துவது போலத்தான். உள்ளே இருக்கும் சுருள்களை ஆராய்ச்சிக்காக வெளியே எடுப்பது வேறு விஷயம். மடத்தின் சம்மதம் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

"மோகாவோ சிலைகள்ல சில முகம் கறுப்பா இருக்கே, புகையா? துடைக்க முடியாதா?"

சிலவற்றில் புகையும் உண்டு. ஆனால் பல முகங்களில் கறுத்தது வண்ணமேதான். தோல் நிறத்துக்குச் செவ்வீயம் (ஈயத்திலிருந்து செய்யும் செந்நிறப் பொடி) கலந்திருந்தால், ஈரமும் வெளிச்சமும் பட்டு அது கருநிற ஈய ஆக்சைடாக மாறிவிடும். துடைத்தால் போகாது, துடைக்கத் துடைக்க வண்ணம்தான் போகும். மேலே புது வண்ணம் பூசுவது பற்றிய பதில் முன்பே சொன்ன வாங் யுவான்லூ கதையில் இருக்கிறது.

"தாபோவுக்கு இப்போ பெரிய ஆபத்து எது? சிற்பி கிடைக்கலையா?"

என் கருத்து: சிற்பிக்கு முன்னால் கூரைக்காரர் வேண்டும். அங்கே கூரை தட்டையானது. மர உத்தரம், அதன்மேல் வரிச்சுக் குச்சிகள், புதர்த்தழை, பிறகு மிதித்து இறுக்கிய மண். பனி விழுந்தால் அன்றே மரப் பலகையால் தள்ளிவிட வேண்டும், ஆண்டுதோறும் மண் பூச வேண்டும். லடாக்கில் மார்காலக் என்று ஒரு வெளிர்மண் உண்டு, நீர் இறங்காமல் இருக்க அதைப் பூசுவார்கள். பனிக்குப் பழகிய இந்தக் கூரைமேல் மழை விடாமல் பெய்தால் நீர் உள்ளே இறங்கிவிடும். சுவரில் மண் கரைந்து ஓடிய கோடுகளைப் பழைய மடங்களில் கண்ணாலேயே பார்க்கலாம். தகரமோ கான்கிரீட்டோ போட்டால் தீர்ந்தது என்பார்கள். கான்கிரீட்டின் கனத்தைப் பழைய மண்சுவர் தாங்காது, அதுவும் நிலநடுக்க பூமியில்.

கூரை மண்ணை மிதிக்கத் தெரிந்தவர்களுக்கும் நல்ல கூலி வேண்டும், பெயர் வேண்டும். சிற்பிக்கு விருது கொடுக்கிறோம், கூரை மிதிப்பவரை யாருக்கும் தெரியாது.

"கைவினைஞர் ஒண்ணு சொல்றார், லேப் ரிப்போர்ட் வேற சொல்லுது. யார் பேச்சைக் கேக்கணும்?"

எதைப் பற்றி என்பதைப் பொறுத்தது. பூச்சு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், எப்போது காய்ந்தது என்றால் கைவினைஞர் பேச்சு. சாணம், மாவுப்பசை, விலங்குப் பசை சேர்க்கலாமா என்றால் ஆய்வகப் பேச்சு. புதுச் சிலையில் இவை நன்றாகவே வேலை செய்யும். மூடிய, ஈரம் ஏறும் அறையில் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் தீனியாகிவிடும். நனைப்பதிலும் இதே தகராறு வரும்: சிற்பி தாராளமாக நனைக்கச் சொல்வார், வேதியியலாளர் கூடவே கூடாது என்பார். மேலே சொன்ன ஆல்கஹால் தெளிப்பு இருவருக்கும் நடுவில் பிறந்த வழி. எதுவாக இருந்தாலும் முதலில் அதே மண்ணில் ஒரு மாதிரித் துண்டு செய்து, வெடிக்கவிட்டு, சரிசெய்து, சில மாதம் பார்த்துவிட்டு அசலைத் தொடுவதே முறை.

"நம்ம கோயில் சுதைச் சிற்பமும் இதே ரகம்தானா?"

இல்லை. சுதை சுண்ணாம்பு. அது காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகும். மழையில் நிற்கும், அதனால்தான் கோபுரத்தில் இருக்கிறது. பச்சை மண்ணுக்குப் பயன்படும் முறையைச் சுதைக்குப் போடக் கூடாது, சுதைக்காரரின் சுண்ணாம்பையும் பச்சை மண்மேல் பூசக் கூடாது.

"பாட்டி வெச்சிருந்த பழைய மண் பொம்மை ஒண்ணு இருக்கு. சுட்டதா சுடாததான்னு எப்படித் தெரியும்? என்ன செய்யலாம்?"

அடிப்பக்கத்தில், வண்ணம் இல்லாத இடத்தில், ஈரப் பஞ்சை ஒரு நொடி வைத்து எடுங்கள். பஞ்சில் சேறு ஒட்டினால் சுடாதது. அதன்பின் ஈரத்துணி கிட்டவே போகக் கூடாது. தூசியை மென்மையான தூரிகையால் எடுங்கள். எனாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள், வார்னிஷும் வேண்டாம். படலம் என்ன செய்யும் என்று மேலே எழுதியிருக்கிறேன். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் உள்ளேயே வேர்க்கும். பழைய பருத்தித் துணியில் சுற்றி, தரையைத் தொடாத அலமாரியில், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். விரல் ஏதாவது உடைந்து விழுந்தால் அந்தத் துண்டைத் தீப்பெட்டியில் போட்டுப் பொம்மையோடு வைத்துவிடுங்கள். ஃபெவிகாலால் ஒட்டிக்கொண்டுவந்து அதைப் பிரித்துத் தரச் சொன்னால் யாராலும் முடியாது.